நின்னாங்களா மேடம்

எங்கள் கம்பெனியில் அவருக்கு 'நின்னாங்களா மேடம்' என்று பெயர். வைத்தது நான்தான். உண்மைப் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். அத்தனை பாடுபட்டு அமைத்த கண்காட்சிக் கூடத்திலேயே தன் பெயரைப் போட விடாதவர், நான் எழுதுவதில் வரவா ஒத்துக்கொள்ளப் போகிறார்.

எதைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான். "மேடம், புது ஸ்கிரீன் மாட்டியாச்சுங்க, தியேட்டர் கெட்டுது போங்க" என்று நான் ஓடிப்போய்ச் சொன்னால், தலையைத் தூக்காமலே "நின்னாங்களா?" என்பார். யார் நின்றார்களா? பார்க்க வந்த ஆட்கள். அதன் முன்னால் கால் நகராமல் நின்றார்களா, நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போனார்களா என்று அர்த்தம். உலகத்தில் அவருக்கு வேறு கவலையே கிடையாதோ என்று தோன்றும்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பனியன் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மெண்ட் தள்ளிப்போனால் சாக்குச் சொல்வது, இதுதான் என் பிழைப்பு. எனக்கும் மியூசியத்துக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. எங்கள் முதலாளிக்குத்தான் அந்த ஆசை வந்தது. அவிநாசிபாளையம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் அவருடைய அப்பா பனியன் துணி பின்னிய பழைய நிட்டிங் ஷெட் பூட்டிக் கிடந்தது. பெரியவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த ஷெட்டில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும், பனியனின் கதையையும் அப்பாவின் கதையையும் சொல்ல வேண்டும் என்று முதலாளி கிளம்பிவிட்டார். சும்மா போட்டோ மாட்டுகிற வேலை இல்லை, எல்லாம் டிஜிட்டல் என்றார்.

முதலில் ஒரு பெரிய ஏஜென்சிக்காரர்கள் வந்து ஷெட்டை நிறைத்துவிட்டுப் போனார்கள். சுவர் அகலத்துக்கு ஸ்கிரீன், தொட்டால் படம் மாறும் கண்ணாடி மேஜைகள், கண்ணில் மாட்டிக்கொள்ளும் கனமான கண்ணாடிகள். எங்கே திரும்பினாலும் வெளிச்சமும் பின்னணி இசையும். வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். முதலாளி முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லி மேடத்தை அழைத்து வந்தார். கூடமாட இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைத் தள்ளிவிட்டார்.

கணியூர்ப் பக்கத்துப் பெண். வெளிநாட்டில் போய் இந்தக் கண்காட்சி வேலையையே படித்துவிட்டு வந்தவர் என்றார்கள். பார்த்தால் அப்படித் தெரியாது. குள்ளமான உருவம், பெரிய பாக்கெட் வைத்துத் தைத்த காட்டன் சட்டை, அந்தப் பாக்கெட்டுக்குள் எந்நேரமும் பொரிகடலை. எங்களோடு பேசுவதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். இங்கிலீஷை லேப்டாப்போடு மட்டும் பேசுவார், அதுவும் திட்டுவதற்கு.

முதல் நாள் முதலாளி அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு ஸ்கிரீனாகப் போட்டுக் காட்டினார். மேடம் ஒரு ஸ்கிரீனையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குத்துக்கால் வைத்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார். பக்கத்து ஷெட்டில் மெஷின் ஓடுவதால் எங்கள் தரையில் பஞ்சுத் தூசி படிந்துகொண்டே இருக்கும். கூட்டிவிட்டால் மறுபடி படியும். அந்தத் தூசியில் கால் தடம் தெரிந்தது.

"இங்க பாருங்க, வாசல்ல இருந்து நேரா வர்றாங்க. இந்தப் பெரிய ஸ்கிரீனுக்கு முன்னாடி ஒரு தடம்கூட நிக்கலீங்க. எல்லாத் தடமும் அந்த ஜன்னல்கிட்டப் போயி நிக்குது. அங்க என்னுங்க இருக்குது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தயங்கிச் சொன்னேன். "அங்கதானுங்க பேன் காத்து வரும்."

மேடம் கைதட்டிச் சிரித்தார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை செலவு செய்து வாங்கியதையெல்லாம் ஒரு மின்விசிறி தோற்கடித்துவிட்டது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்.

அன்றிலிருந்து கூடத்துக்கு யார் வந்தாலும் இவர் அவர்கள் பின்னால் போய் நின்றுகொள்வார். "மூஞ்சியப் பாத்துக் கேட்டா எல்லாருமே நல்லாருக்குதுன்னு சொல்லிருவாங்க. முதுகப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்பார். எனக்கு முதலில் இது கிறுக்குத்தனமாகப் பட்டது. அவிநாசிபாளையம் பேக்கரியில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன்.

கூடத்துக்குப் புதிதாக எடுத்த வீடியோக்களை அவர் முதலில் அந்தப் பேக்கரியில்தான் ஓட்டிப் பார்த்தார். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பன் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பொரிகடலையை மென்றுகொண்டு நின்றார். முதல் வீடியோவில் மேலே பறந்து எடுத்த ஊர்க் காட்சி, கணீரென்று ஒரு குரல், திருப்பூரின் பெருமை எல்லாம் இருந்தது. டீ வாங்க வந்தவர்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சில்லறையை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்ததில் குரலே கிடையாது. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்துவிடுகிறது, ஒரு கை வந்து இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போடுகிறது. அவ்வளவுதான், அதுவே திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு லாரி டிரைவர் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். டீயில் ஆடை படிந்தது. வண்டிக்குள்ளிருந்து கிளீனர் ஹாரனை அடித்தான். அவர் நகரவில்லை.

மேடம் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து அவருக்கு இன்னொரு சூடான டீ வாங்கிக் கொடுத்தார். ஏன் வாங்கிக் கொடுத்தார் என்று அந்த மனிதருக்கு இன்றைக்கும் தெரிந்திருக்காது.

"மொகத்துக்குக்கூட நிக்க மாட்டாங்க. வேலை செய்யற கைக்கு நிப்பாங்க" என்று என்னிடம் சொன்னார். திரும்பி வரும்போது காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அத்தனை மோசமான பாட்டை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி ஆட்களைப் பஸ் வைத்துக் கூடத்துக்கு அழைத்து வந்தோம். ஒரு கண்ணாடி மேஜையில் வெள்ளைத் துணியின் படம் தெரியும். விரலை வைத்தால் துணி விலகி அடியில் ஒரு கதை ஓடும். துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள் அதைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். எல்லோரும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒருத்தியும் தொடவில்லை. மெஷின் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஏஜென்சி அங்கேயே விட்டுப்போயிருந்த பையன் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கி மாட்டினான். படம் நன்றாகத்தான் வந்தது. அப்போதும் யாரும் தொடவில்லை. ஒரு அக்கா மட்டும் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேடம் அந்த அக்கா தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். "ஏனுங்கக்கா, தொட்டுப் பாக்கலீங்களா?"

"கை அழுக்குங்க மேடம். பஸ்ல கம்பியப் புடிச்சுட்டு வந்த கை. வெள்ளைத் துணியாச்சுங்களே."

எனக்குச் சுரீரென்றது. செக்கிங் செக்‌ஷனில் கை கழுவாமல் வெள்ளைப் பீஸைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு விரல் கறை பட்டால் அந்தப் பீஸ் டேமேஜ். முதல் நாள் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். படம் என்று தெரிந்தும் அந்தக் கைகளுக்கு வெள்ளையைத் தொட மனம் வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் படத்தில் துணியின் நிறத்தை மாற்றியிருப்பார்கள். இவர் மறுநாளே மேஜையைத் தூக்கி வெளியே போட்டார். கூடத்தின் வாசலில் ஒரு குழாயும் தொட்டியும் சோப்பும் துண்டும் வைக்கச் சொன்னார்.

"மியூசியத்துல கை கழுவுற குழாயாங்க? கல்யாண மண்டபமாட்ட இருக்குமுங்களே" என்றார் முதலாளி.

"கழுவிட்டு வரட்டுமுங்க. கை கழுவுனா எதையோ தொடப்போறோம்னு அவிங்களுக்கே தெரிஞ்சுருமல்லொ."

மேஜை இருந்த இடத்தில் நிஜமான வெள்ளைப் பனியன் துணியைக் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி மடித்து அடுக்கி வைத்தார். மேலே கூரையில் ஒரு கேமராவும் ப்ரொஜெக்டரும். ஒருவர் துணியை எடுத்து, செக்கிங்கில் ஓட்டை பார்ப்பது போல இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால், கேமரா துணி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும், ப்ரொஜெக்டர் அந்தத் துணியின் மேல் மட்டும் படத்தைப் போடும். துணியை ஆட்டினால் படமும் கூடவே வரும். தலைக்கு மேலே உள்ள ஸ்பீக்கரில் வரும் சத்தம் கீழே நிற்கிறவருக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

முதன்முதலில் நான் பிடித்துப் பார்த்தேன். பேக்கரி வீடியோவில் பார்த்த அந்தக் கை என் கையிலிருந்த துணிக்குள் வந்து முடிச்சுப் போட்டது. கரண்டும் கேமராவும் செய்கிற வேலை என்று தெரியும், ஒயர் இழுக்க நானேதான் ஏணி பிடித்தேன். ஆனாலும் துணியைத் திருப்பி, பின்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பார்த்தேன்.

எல்லாம் சரியாக வந்தது, முதலாளியின் அப்பா விஷயத்தைத் தவிர.

பெரியவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரோடு பேசினாலும் பேச்சுக்கு நடுவே அவர்கள் போட்டிருக்கும் சட்டைத் துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். நூல், எடை, எந்த மெஷினில் ஓட்டிப் பின்னியது எல்லாம் அந்த இரண்டு விரலுக்குத் தெரிந்துவிடும். முதலாளி வாலிபத்தில் அப்பா பேச்சைக் கேட்காமல் தனியாக எக்ஸ்போர்ட் கம்பெனி தொடங்கினார். அதோடு இருவருக்கும் பேச்சு முறிந்தது. பெரியவர் கடைசிவரை மகன் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை.

ஒரு மத்தியானம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியே மேடத்திடம் சொன்னார். "ஊர்ல இருக்கறவன் துணியெல்லாம் புடிச்சுப் பாப்பாருங்க எங்கப்பாரு. நான் ஓட்டுன துணிய மட்டும் ஒருக்காக்கூடத் தொட்டதில்லீங்க."

அவர் டிஜிட்டல் டிஜிட்டல் என்று அலைந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கேட்டது இதுதான். அப்பாவின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, உயிரோடு பேசுவது போலச் செய்து, வாசலில் நிற்க வைக்க வேண்டும். பேச வேண்டிய வசனத்தை அவரே சொல்லிவிட்டார். கடைசி வரி, 'நீ நல்லா ஓட்டியிருக்கற கண்ணு.'

"உங்கப்பாரு இப்படிச் சொல்லுவாருங்களா?" என்று கேட்டார் மேடம்.

"சொல்ல வையுங்களேன். அதுக்குத்தானுங்களே கம்ப்யூட்டர்."

மேடம் செய்து கொடுத்தார். குரல் பதிவு எதுவும் இல்லாததால், பெரியவரைப் போலவே பேசும் பங்காளி ஒருவரைப் பேச வைத்து அதைச் செயற்கை நுண்ணறிவு மூலம் மாற்றினார். ஆள் உயரத்துக்கு ஸ்கிரீனில் பெரியவர் வந்தார். கண் சிமிட்டினார். சிரித்தார். 'நீ நல்லா ஓட்டியிருக்கற கண்ணு' என்றார்.

முதலாளி அதைக் கடந்து நடந்துபோய் ஜன்னல் பக்கம், அந்த மின்விசிறிக் காற்றில் நின்றார். மேடம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவருடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அச்சா அப்படியே இருக்குதுங்க" என்றார் முதலாளி ஜன்னலைப் பார்த்தபடியே. "ஆனா எங்கப்பாரு எங்கிட்டக் கண்ணுன்னு பேசுனதே இல்லீங்க. நாந்தான் எழுதிக் குடுத்தேன். எழுதிக் குடுத்தது எனக்குத் தெரியுதுங்களே." மேடம் ஸ்கிரீனை அணைத்ததும் அவர் குரல் உயர்ந்தது. "அப்ப எங்கப்பாரு இல்லாமயே தொறக்கச் சொல்றீங்களா? அப்படீன்னா பூட்டிப் போட்டுறலாமுங்க. எனக்கு வேண்டாம்."

"பூட்ட வேண்டாமுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார் மேடம். அவர் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பெரியவர் தன்னிடம் வேலை பார்த்தவர்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் போகாமல் இருந்ததில்லை. மேடம் அதைத்தான் பிடித்துக்கொண்டார். பழைய ஆட்களின் கல்யாண வீடியோ கேசட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். பரணில் கிடந்தவை வந்து சேர்ந்தன. பாதி பூஞ்சை பிடித்திருந்தது. அதற்கென்று ஒரு பழைய பிளேயரை எங்கிருந்தோ வரவழைத்துத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். மணமக்கள் வரும் இடத்தையெல்லாம் வேகமாக ஓட்டிவிடுவார். பந்தி நடக்கிற இடத்தில், பின்னால் ஓரத்தில் யார் நடக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். பல கேசட்டில் பெரியவர் வந்தார், கும்பிட்டார், போனார். மேளச் சத்தத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

என் கல்யாணக் கேசட்டும் அதில் உண்டு. நான் பெரியவர் ஷெட்டில் வேலை பழகிவிட்டு மகன் கம்பெனிக்குப் போனவன். அப்பாவும் மகனும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வேளை பார்த்து என் கல்யாணத்துக்கு வந்துபோனார்கள். கேசட்டில் தாமரைப் பூ விரிந்து நடுவிலிருந்து என் தலை வந்தது. இதயம் இதயமாகப் பறந்தது. "ஏனுங்க, இதுக்கு யாராச்சும் நின்னாங்களா?" என்று மேடம் கேட்டார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

அப்போதுதான் பந்தி வந்தது. சாம்பார் வாளியோடு என் மச்சான் நிற்கிறான். பெரியவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருகிறார். அவனைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பி, அவன் போட்டிருக்கும் கலர் பனியனின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்க்கிறார். ஏதோ கேட்கிறார். மச்சான் ஏதோ சொல்கிறான். பெரியவர் துணியை விடவில்லை. மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார்.

"மேடம்" என்றேன். டிவியைத் தொட்டுக் காட்டினேன். "அந்தப் பனியன் எங்க முதலாளி ஓட்டுனதுங்க. மொத ஆர்டர்ல மிச்சமான பீஸு. பச்சையில மஞ்சக் கோடு. நாந்தான் மச்சானுக்குக் குடுத்தேன்."

அவர் வாயிலிருந்த பொரிகடலையை மெல்லுவதை நிறுத்தினார்.

மேளத்தைத் தனியாகப் பிரித்து எடுக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்தார். மேளம் போயிற்று, பாத்திரச் சத்தம் போயிற்று, பெரியவரின் கேள்வியும் கடைசியாக அவர் சொன்னதும் எழும்பி வந்தன. மச்சானின் பதில்தான் மேளத்தோடு சேர்ந்து போய்விட்டது. நான் அவனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. "உங்க பையன் ஓட்டுனதுதானுங்கன்னு சொன்னேன் மச்சா. திட்டப்போறாருன்னு பயந்துட்டேன், திட்டலே" என்றான்.

"அந்தப் பதில மச்சானயே பேச வெச்சுச் சேத்துறலாமுங்களே, மேடம்."

"வேண்டாமுங்க. இல்லாதத நாம சேத்த வேண்டாம். அந்த எடம் காலியாவே இருக்கட்டும். முதலாளிகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க."

திறப்புக்கு முந்தின நாள் காலையில் முதலாளியை வரச் சொன்னார். வாசலில் குழாயைக் காட்டினார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கை கழுவித் துடைத்தார். துணியை எடுத்து விரித்துப் பிடித்தார். மேடம் வழக்கம்போல அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நான் அவருக்கும் பின்னால் நின்றேன்.

வெள்ளைத் துணி மெல்லப் பச்சையாயிற்று. ஓரமாக ஒரு மஞ்சள் கோடு வந்தது. டிவியில் மங்கலாகத் தெரிந்த பழைய படம் பனியன் துணியின் இழையில் விழுந்தபோது அந்த மங்கலே தெரியவில்லை, நிஜத் துணியாகவே இருந்தது. முதலாளியின் தோள் விறைத்தது. தன்னுடைய முதல் ஆர்டர் துணியை அவருக்கா அடையாளம் தெரியாது.

பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்தது. வயதான கை, விரலில் ஈரம். அது முதலாளி பிடித்திருந்த துணியின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தது.

"ஏங்கண்ணு, இது யாரு ஓட்டுனது?"

பிறகு சத்தமில்லை. மச்சானின் பதில் இருந்த இடம் அது. கை மட்டும் துணியைப் பிடித்தபடி காத்திருந்தது.

"நானுங்கப்பா" என்றார் முதலாளி.

கை துணியை மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தது. "ம்... இருக்கட்டும், இருக்கட்டும்" என்றது குரல். கை விலகியது. துணி வெள்ளையாயிற்று.

நான் அழுதேன். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ தீபாராதனை பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு பயபக்தி எனக்கு வந்தது அந்தத் தகரக் கூரை ஷெட்டில்தான். மேடத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் முதலாளியின் முதுகைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

திறப்பு விழா முடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார். இப்போது வேறு ஏதோ ஊரில் யாருடைய முதுகுக்குப் பின்னாலோ நின்றுகொண்டிருப்பார். நான் துணிக்கடைக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிற வியாதியை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போய்விட்டார்.

திறப்புக்கு முந்தின நாள் காலை, துணி வெள்ளையான பிறகு முதலாளி திரும்பி மேடத்தைக் கேட்டார்.

"இன்னொருக்காப் போடுவீங்களா மேடம்?"

"நான் போட வேண்டியதில்லீங்க. துணிய மடிச்சு வெச்சுட்டு மறுபடி எடுங்க. அவரே வருவாருங்க."

முதலாளி துணியை நான்காக மடித்து வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்த கையைப் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய் மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.